எட்டுக் கோடு

சுப்புராயன் செத்துக் கிடந்தார்.

செங்கல் சூளை முதலாளி. திருப்பாதிரிப்புலியூரில் அவரைத் தெரியாதவர் இல்லை. பனியன் வேர்வையில் நனைந்து, வாய் ஒரு பக்கம் கோணி... பக்கத்தில் இட்லி தொடாமல் காய்ந்திருந்தது.

"நான்தான் கொன்னுட்டேன் சார்..."

சுவரோரம் உட்கார்ந்து அழுதாள் சிந்துஜா. தினம் காலையில் வந்து அவருக்கு இன்சுலின் போடும் நர்ஸ்.

இன்ஸ்பெக்டர் தில்லைநாதன் குனிந்தார். "என்னம்மா ஒளர்ற?"

"இது அவுங்க புள்ள சிங்கப்பூர்லேருந்து அனுப்புன மருந்து சார். மில்லிக்கு நூறு யூனிட். நம்மூரு சிரிஞ்சில மில்லிக்கு நாப்பது கோடுதான். டாக்டர் சொன்னது இருவது யூனிட். நான் இருவது கோடு இழுத்துட்டேன்... அம்பது யூனிட் ஏறிப்போச்சி. தெரியாம நடந்துபோச்சி சார்."

தில்லைநாதன் தன் புஜத்தைத் தடவிக்கொண்டார். அவருக்கும் சர்க்கரை. அவருக்கும் தினம் ஒரு நர்ஸ் வந்து குத்திவிட்டுப் போகிறாள்.

ஏட்டு பழனிவேல் காதருகே வந்தார். "கவனக்குறைவு கேஸுதான் ஐயா. ரெண்டு வருஷத்துக்கு மேல போவாது."

"ம்... பாவம். எழுதிக்க."

அப்போதுதான் அமராவதி எழுந்து வந்தார். புரட்டாசி முதல் சனிக்கிழமை என்று விடியலிலேயே திருவந்திபுரம் கோயிலுக்குப் போனவர், திரும்பி வந்து புருஷனைப் பிணமாகப் பார்த்திருந்தார்.

"இந்தப் பொண்ணப் புடிக்காதீங்க ஐயா. இது தப்பே பண்ணாது."

"அதுவே ஒத்துக்குதேம்மா."

"பயத்துல ஒளருது. ஒரு மாசமா இந்த மருந்துதான். அவரு ஊசின்னா பதறுவாரு, நான்தான் கையப் புடிச்சிப்பேன். எட்டுக் கோடுதான் இழுக்கும். ஏன்டி கம்மியா போடுறன்னு கேட்டேன். 'சிங்கப்பூர் மருந்து வீரியம் ஜாஸ்திம்மா, எட்டுக் கோடே இருவது யூனிட்டு'ன்னுச்சி. அவ்ளோ வெவரமான பொண்ணுய்யா."

சிந்துஜாவின் அழுகை நின்றிருந்தது.

"ஒரு மாசம் எட்டு," என்றார் தில்லைநாதன் மெல்ல. "அம்மா கோயிலுக்குப் போன அன்னிக்கி மட்டும் இருவது..."

அமராவதி சுவரைப் பிடித்துக்கொண்டார்.

சிந்துஜா முகத்தைத் துடைத்தாள். குரலில் ஈரம் இல்லை.

"எங்கப்பா இவரு சூளையில கல்லு சுமந்தாரு. சுவரு சரியப் போவுதுன்னு சொல்லியும் உள்ள அனுப்புனாரு. பொணத்த எடுத்தப்ப, 'தெரியாம நடந்துபோச்சி'ன்னாரு. ஸ்டேஷன்ல நம்புனீங்களே சார்."

பழனிவேல் எழுதிய தாளைக் கிழித்துவிட்டு வேறு தாள் எடுத்தார்.

அவளை ஜீப்பில் ஏற்றிய பிறகு பழனிவேல் தலையைச் சொறிந்தார். "ஐயா... உங்களுக்கு ஊசி போட வீட்டுல நர்ஸு காத்திருக்குமே?"

"காத்திருக்கட்டும்யா. அதோட அப்பா எப்படிச் செத்தாருன்னு மொதல்ல விசாரிச்சிட்டு வா."