கேளாமல் துளுக்கிய கிடா

வியாழக்கிழமை காலை தாராபுரத்தில் அன்புச்செல்வியின் வீட்டுக் கதவைத் தட்டியபோது மதன்குமார் ஒரு காலில் தன் செருப்பும் மறுகாலில் மனைவியின் செருப்புமாக நின்றான். அது அவனுக்கே தெரியவில்லை.

அன்புச்செல்வி கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த வட்டாரத்தில் ஆடு மாடு சந்தேகமாகச் செத்தால் முதலில் அவரைத்தான் தேடி வருவார்கள். கூடவே பிரவின்குமார் என்று ஓர் உதவியாளன். குற்றவாளியைக் கண்டுபிடிக்க அவனுக்கு ஐந்து நிமிஷம் போதும். அது தப்பான ஆள் என்று தெரிய இன்னும் ஐந்து நிமிஷம் ஆகும்.

"எங்க தோட்டத்துல கருப்பராயன் எறங்கிட்டாருங்க, டாக்டரம்மா. பத்து ஆடு போச்சு. இப்பப் பாப்பாவக் கேக்கறாருங்க" என்றான் மதன்குமார்.

மகள் அக்‌ஷயா பிறந்தபோது அவன் அப்பா பாலுசாமி, காவல் தெய்வம் கருப்பராயனுக்கு ஒரு கிடா நேர்ந்துவிட்டிருந்தார். அவர் காலமான பிறகு மதன்குமார் அதை இந்த வருஷம், அடுத்த வருஷம் என்று ஐந்து வருஷம் தள்ளிப்போட்டுவிட்டான். கிடா வெட்டுமுன் அதன்மேல் தீர்த்தம் தெளித்துக் காத்திருப்பது அந்தப் பக்கத்து வழக்கம். கிடா உடம்பைச் சிலிர்த்துத் துளுக்கினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம். புதன்கிழமை விடியலில் யாரும் தீர்த்தம் தெளிக்காமலே அந்தக் கிடா துளுக்கியது. நிற்கவே இல்லை. வாயில் எச்சில் ஒழுக விழுந்து செத்தது. அடுத்து, ரோமம் அடர்ந்த ஒன்பது குறும்பாடுகள் அதேபோல் துளுக்கி விழுந்தன.

"நேத்து மத்தியானத்துல இருந்து பாப்பா கையும் நடுங்குதுங்க. இன்னிக்கு உச்சிப்பொழுதுக்குக் கோயிலுக்குக் கொண்டாரச் சொல்லிப்போட்டாரு பூசாரி."

அன்புச்செல்வி கார் சாவியை எடுத்துவிட்டார். "ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலையா? சரி, எந்திரிங்க தம்பி. மிச்சத்தப் போற வழியில பேசிக்கலாம்."

காங்கேயம் சாலையில் கார் பறந்தது. பிரவின்குமார் நோட்டைத் திறந்துகொண்டு கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டான். ஞாயிற்றுக்கிழமை ஐம்பது ஆடுகளையும் உண்ணி மருந்துத் தொட்டியில் முக்கி எடுத்ததாக மதன்குமார் சொன்னான். ரோமம் கெடக் கூடாது என்று மூன்று கடை ஏறி இறங்கி விசாரித்து, குறும்பாட்டுக்கு ஏற்ற மருந்தாகப் பார்த்து வாங்கியிருந்தான்.

"தொட்டியில மட்டம் குறையக் குறைய தண்ணி ஊத்தி ரொப்பிக்கிட்டே இருந்தோமுங்க. பத்துப் பத்தா முக்கி, ஒவ்வொரு பத்துக்கும் ஒரு கலர்ல பொட்டு வெச்சாரு எங்க ஆள் மருதாசலம். செத்த பத்துமே கடைசிப் பத்து. செவப்புப் பொட்டு."

"மருதாசலம் இப்ப எங்க?" என்றான் பிரவின்குமார்.

"நேத்தே தொரத்தி உட்டுட்டனுங்க. அவருதான் என்னமோ கலந்துபோட்டாருன்னு நெனச்சேன். பாப்பாவுக்கும் கை நடுங்கவுந்தான் இது மனுச வேலை இல்லைன்னு தெரிஞ்சுது."

பிரவின்குமார் மருதாசலத்தின் பேரை எழுதி இரண்டு கோடு போட்டான்.

தோட்டத்து வாசலிலேயே வேப்பமரத்தடியில் அந்தக் கிடா மஞ்சள் துணி போர்த்திக் கிடந்தது. மற்ற ஒன்பதையும் புதைத்துவிட்டிருந்தார்கள். பட்டியில் மிஞ்சிய நாற்பது ஆடுகளும் ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டு, ஒன்றுகூடக் கத்தாமல் நின்றன. அன்புச்செல்வி துணியை விலக்கி, கிடாவின் முதுகு ரோமத்தை விரலால் பிரித்து முகர்ந்தார். அவ்வளவுதான், அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

"தம்பி, உங்க ஊட்டுல நேத்துப் பூண்டு உரிச்சாங்களா?"

"விரதமுங்க. வெங்காயம் பூண்டு எதுவும் தொடலீங்க."

அவர் வீட்டுக்குள் ஓடினார். நித்யஸ்ரீ மகளை மடியில் போட்டுக்கொண்டு, திருநீறு பூசிய நெற்றியோடு, சுவரையே வெறித்தபடி உட்கார்ந்திருந்தாள். அக்‌ஷயாவுக்கு வேர்த்துக் கொட்டியது. கடைவாயில் எச்சில் வழிந்தது. அத்தனை புழுக்கத்திலும் தலையில் கம்பளிக் குல்லா. அன்புச்செல்வி குழந்தையின் இமையைத் தூக்கிப் பார்த்தார். கண்மணி கடுகளவுக்குச் சுருங்கியிருந்தது. குல்லாவைக் கழற்றி முகர்ந்தார்.

"சோப்பு கொண்டாங்க! பிரவின், கையில உறை மாட்டிக்கிட்டுத் தண்ணி ஊத்து. தலைய நல்லாக் கழுவோணும். இது சாமி இல்ல, விசம்!"

ஐயோ, அடுத்த மூன்று மணி நேரம் மதன்குமார் எப்படி உயிரோடு இருந்தான் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. காங்கேயத்தில் ஓர் ஊசி. கோயம்புத்தூரில் பெரிய ஆஸ்பத்திரி. உச்சிப்பொழுது வந்து போனபோது அக்‌ஷயா தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் கிடந்தாள்.

சேதி கேள்விப்பட்டுப் பஸ் பிடித்து வந்திருந்த மருதாசலம் ஒரு தூணோரம் நின்றார். பிரவின்குமார் அவரை முறைத்துப் பார்த்தான்.

"அவர விடு பிரவின்" என்றார் அன்புச்செல்வி. "தொட்டியில அவர் கலந்திருந்தா ஆடு ஞாயித்துக்கிழமையே செத்திருக்கும். செத்தது புதன்கிழமை. தொட்டியில முக்கினா வயிறு, காலு, எல்லாந்தான் நனையும். கிடாவுக்குக் கழுத்துலயும் முதுகுலயும் மட்டும் எண்ணெய்ப் பிசுக்கு. தேங்காயெண்ணெய் வாசம், அதுக்கடியில பூண்டு வாசம். தென்னைக்கு வெக்கிற காட்டமான பூச்சிமருந்து பலதும் அப்படித்தான் நாறும். செவ்வாய்க்கிழமை யாரோ அதை எண்ணெயில கலந்து கையால தேச்சிருக்காங்க."

"எண்ணெயில எதுக்குங்க கலக்கோணும்?" என்றான் பிரவின்குமார்.

"கொல்ல நெனைக்கறவன் கலக்க மாட்டான். ரோமத்துக்கு நோகக் கூடாதுன்னு நெனைக்கறவங்கதான் கலப்பாங்க. தெனமும் ஒரு தலைக்கு எண்ணெய் வெச்சுப் பழகின கை அது. அதே எண்ணெய் குல்லாவுக்குள்ளயும் இருந்துச்சு. அம்மணி, பாப்பாவுக்குத் தலையில பேனு இருந்துச்சா?"

நித்யஸ்ரீ சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தாள்.

"கடைசிப் பத்துக்கு உண்ணியே சாகலீங்க. தென்னை மருந்தத் தொட்டா இவரு திட்டுவாருன்னு சொல்லாமக் கொள்ளாம எடுத்தேன். ஒரு மணி நேரத்துல உண்ணி பொலபொலன்னு உதிர்ந்துச்சு. பாப்பா ராத்திரியெல்லாம் தலையச் சொறிஞ்சுக்கிட்டுத் தூங்காம அழுவாளுங்க. அவ தலை எண்ணெயிலயும் நாலே சொட்டுத்தான் கலந்தேன். காலைல கிடா நடுங்கறதப் பார்த்ததும்... மொதல்ல நடுங்குனது நேர்ந்துவிட்ட கிடாவுங்க. துளுக்குதுன்னுதான் எனக்குத் தோணுச்சு. கையெடுத்துக் கும்பிட்டேனுங்க, டாக்டரம்மா. நான் பெத்தது நடுங்கறப்பவும் கும்பிட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்."

மதன்குமாருக்குக் கோபம் தலைக்கேறியது. "நீயெல்லாம்..." என்று கையை ஓங்கிவிட்டான்.

"இருங்க தம்பி" என்றார் அன்புச்செல்வி, குரலை உயர்த்தாமல். "இன்னொண்ணும் கேட்டுக்கலாம். கடைசிப் பத்துக்கு மட்டும் ஏன் உண்ணி சாகல?"

தூணோரம் நின்ற மருதாசலம் கனைத்தார்.

"குறும்பாட்டு ரோமம் மருந்த உறிஞ்சுபோடுமுங்க. போகப்போகத் தொட்டியில வெறும் தண்ணிதான் நிக்கும். மட்டம் குறையறப்பத் தண்ணியோட மருந்தும் ஊத்தோணும்னு தம்பிகிட்டச் சொன்னேனுங்க."

சொன்னார்தான். எனக்குத் தெரியாதா என்று எரிந்து விழுந்ததும், வெறும் தண்ணீரை விட்டதும் மதன்குமாருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. காரில் அதைச் சொல்லும்போது மருதாசலத்தின் பேச்சை மட்டும் விட்டுவிட்டிருந்தான். ஓங்கிய கை தானாக இறங்கியது. "மன்னிச்சுப்போடுங்க" என்றான் மருதாசலத்திடம். அந்த மனுஷன் தலையை மட்டும் ஆட்டினார். சரி என்றா, போதும் என்றா, தெரியவில்லை.

சாயங்காலம் ஐந்து மணிக்கு டாக்டர் வெளியே வந்தார். "கண்மணி விரியுது. நடுக்கம் கொறைஞ்சுருச்சு. பொழச்சுக்குவா. ஒருத்தர் மட்டும் உள்ள போய்ப் பாக்கலாம்."

நித்யஸ்ரீ அங்கே இல்லை. மதன்குமார் உள்ளே போனான். அக்‌ஷயா கண்ணைத் திறந்தாள். நாக்கு இன்னும் குழறியது.

"அம்மா எங்கீங்கப்பா?"

"வாரா கண்ணு. கை கழுவப் போயிருக்கா."

வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுத்தான் அவன் அவளைத் தேடிப் போனான். நடைக்கோடியில், குழாயடியில், நிஜமாகவே கை கழுவிக்கொண்டிருந்தாள். சோப்புக்கட்டி சிப்பியாய்த் தேய்ந்திருந்தது. விரல் கணுக்கள் சிவந்து தோல் உரிந்திருந்தன.

"பாப்பா உன்னக் கேக்கறா" என்றான்.

"இந்தக் கையோட எப்படீங்க தொடுவேன்?"

மதன்குமார் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் நின்று, தன் இரண்டு கைகளையும் அதே குழாயின் கீழே நீட்டினான்.