எல்லைக்கல்லுக்குச் சொன்ன ஸலாம்

நிப்றாஸ் கார் வாங்கி ஒரு மாதமாகியும் அது கல்முனைக் கடைத்தெருவைத் தாண்டவில்லை. வீட்டிலிருந்து துணிக்கடைக்கு, துணிக்கடையிலிருந்து வீட்டுக்கு. நடந்தே போகக்கூடிய தூரம்தான். "பொத்திப் பொத்தி வெச்சா காரும் கிழவியாப் போகும்" என்று ஸகியா குத்திக் குத்திக் கேட்டதில், ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த கையோடு இருவரும் புறப்பட்டார்கள். கலியாணமாகிப் பதின்மூன்று வருடத்தில் புருசன் அவளை உலாத்தக் கூட்டிப்போவது அதுதான் முதல் தடவை.

அவசரமில்லாத பயணம். ஃபிளாஸ்கில் தேத்தண்ணி, பெட்டியில் இறைச்சி ரொட்டி, இடப்பக்கம் விட்டுவிட்டுத் தெரிகிற கடல். பிள்ளைகள் இல்லாத வீடு. பின்சீட் வெறுமையாகக் கிடந்தது.

மையவாடி மதிலைக் கண்ட இடமெல்லாம் ஸகியா கண்ணாடியை இறக்கி ஸலாம் சொன்னாள். சாய்ந்தமருதில் சொன்னாள், நிந்தவூரில் சொன்னாள், அட்டாளைச்சேனையிலும் சொன்னாள். அங்கே கப்றுக்குழியில் அடங்கிக் கிடப்பவர்களைக் கடந்து போகிறவர் ஸலாம் சொல்லிவிட்டுப் போவது அந்தப் பக்கத்து வழக்கம்தான். ஆனால் பெரும்பாலானவர்கள் வாய்க்குள் முணுமுணுப்பார்கள். ஸகியா அடுத்த வீட்டுக்காரியைக் கூப்பிடுவதுபோல் சொல்லுவாள்.

"மௌத்தானவங்க பதில் சொல்லவா போறாங்க?" என்று நிப்றாஸ் சிரித்தான்.

"சொல்லுவாங்க. நமக்குத்தான் கேக்காது."

மௌத்தானவர்களுக்காக அவள் கேட்கும் துஆவில் வாப்பா இருந்தார், உம்மா இருந்தாள். மஜீட் காக்காவை மட்டும் அவள் மௌத்தானவர்களோடு சேர்ப்பதில்லை. அவர் அவளுடைய ஒரே காக்கா, கூடப்பிறந்த மூத்தவர். கொழும்பு பஸ் ஏறி, அங்கிருந்து ஏதோ ஏஜென்சிக்காரனோடு வெளிநாடு போனவரிடமிருந்து பதினொரு வருடமாகப் பேச்சு மூச்சில்லை. பஸ் ஏற்றிவிட்டது நிப்றாஸ்தான். "கள்ளப் பாதையால போனவன், எந்த ஜெயில்ல கிடக்கானோ" என்று அவன்தான் உம்மாவுக்கு ஆறுதல் சொன்னான். உம்மா சாகும் வரைக்கும் வாசல் கேற்றைப் பூட்ட விடவில்லை. மகன் வந்தால் கேற்றடியில் நின்று, குசினியில் சமைப்பவளுக்குக் கேட்கட்டுமென்று "ஸலா...ம்" என்று இழுப்பான், அந்த இழுவை கேட்காமல் தூக்கம் வராது என்பாள். கேட்காமலேதான் போய்ச் சேர்ந்தாள்.

இப்போது அவர்கள் குடியிருக்கும் வீடும் மஜீட் கட்டியதுதான். தங்கச்சிக்குச் சீதன வீடு கொடுக்காமல் அண்ணன்காரன் கலியாணம் முடிப்பதில்லை அந்த ஊரில். அவர் கல்லும் மண்ணும் சுமந்து வீட்டை முடித்தார், கலியாணம்தான் முடிக்கவில்லை.

திருக்கோவிலில் கடற்கரையில் கார் நின்றது. கச்சான் கடலை வாங்கிக்கொண்டு மணலில் உட்கார்ந்தார்கள். நிப்றாஸ் சப்பாத்தைக் கழற்றிவிட்டு அலையில் நின்று பொடியன் மாதிரிக் கூத்தடித்தான். ஸகியாவுக்கு நெஞ்சு நிறைந்தது. இந்த மனுசன் இவ்வளவு சிரிப்பானா என்று இருந்தது.

திரும்பி வரும்போது அக்கரைப்பற்றுச் சந்தியில் அவள் கேட்டாள்.

"அம்பாறை றோட்டால போவம். கரும்புக் காணி பாக்கணும். காக்கா சொல்லுவாரு, காருக்கு மேலால நிக்குமாம்."

"அந்த றோட்டு சரியில்ல புள்ள. வேற நாளைக்குப் பாப்பம்."

"பதின்மூணு வருசமா வேற நாளைக்குத்தான். காக்கா எண்டாக் கூட்டிப் போயிருப்பாரு."

நிப்றாஸ் ஸ்டியரிங்கைத் தட்டினான். பிறகு இடப்பக்கம் வெட்டினான்.

இறக்காமம் தாண்டியதும் வயல் முடிந்து கரும்பு தொடங்கியது. இரண்டு பக்கமும் சுவர் வைத்தாற்போல் நின்றது. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது, தோகை எரித்த கரி வாசம், சீனிப்பாகு வாசம், அதற்கடியில் புளித்த இன்னொரு வாசம். அந்தப் பக்கத்தில் வடிப்பது சீனி மட்டுமல்ல. கரும்புக்குள்ளே வாடி போட்டுக் கசிப்புச் சாராயம் விற்பார்கள் என்பது கரையோர ஊர்களில் எல்லாருக்கும் தெரியும். கேட்டால் ஒருவரும் போனதில்லை. போகாமலே எப்படித் தெரியும் என்று யாரும் யாரிடமும் கேட்பதில்லை; அதுதான் மரியாதை.

ஒரு வளைவில் கரும்பு விலகி வெட்டை வந்தது. மங்கிய வெளிச்சத்தில் வெள்ளைக் கற்கள் வரிசையாக நிலத்தில் நட்டிருந்தன. தலைமாட்டுக்கும் கால்மாட்டுக்கும் நடுகிற மீசான் கற்கள் என்றே ஸகியா நினைத்தாள். பழக்கத்தில் கண்ணாடியை இறக்கினாள்.

"அஸ்ஸலாமு அலைக்கும், யா அஹ்லல் குபூர்."

"என்ன புள்ள, அது காணிக்காரன்ட எல்லைக்கல்லு" என்றான் நிப்றாஸ். "இஞ்ச மையவாடி ஏது?"

அவன் சொல்லி வாய் மூடவில்லை.

"வஅலைக்கும் ஸலா...ம்."

கரும்புக்குள்ளிருந்து வந்தது. மெதுவாக, களைத்துப்போன ஆளின் குரலாக. கடைசியில் அந்த இழுவை.

கார் ஒருமுறை குலுங்கி நின்றுவிட்டது.

காற்றில்லை. ஆனாலும் ஒரே ஒரு இடத்தில் தோகை அசைந்தது. அசைவு உள்ளேயிருந்து றோட்டை நோக்கி வந்தது.

ஸகியா அந்த அசைவையே பார்த்தாள். காதுதான் பிசகியிருக்க வேண்டும். இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

"அஸ்ஸலாமு அலைக்கும்" என்றாள் கிசுகிசுப்பாக.

"வஅலைக்கும் ஸலா...ம்."

இப்போது வாய்க்கால் ஓரத்தில். கார்க் கதவுக்கு ஒரு பாய் நீளம் தள்ளி.

"ஏத்து, கண்ணாடிய ஏத்து!" நிப்றாஸ் திறப்பைத் திருகினான், திருகினான். எஞ்சின் முனகியது, பிடிக்கவில்லை. "மச்சான், என்ன விட்டுரு மச்சான். அல்லாஹ்வுக்காக என்ன விட்டுரு."

ஸகியா மெல்லத் திரும்பிப் புருசனைப் பார்த்தாள். அவள் யாருடைய பெயரையும் சொல்லவில்லை. அவன் மச்சான் என்று கூப்பிடுவது உலகத்தில் ஒரே ஒரு ஆளைத்தான்.

"இஞ்ச பாருங்க" என்றாள். "காக்கா ஏன் இவடத்த இரிக்காரு?"

அவன் சொன்னான். கேட்டதற்கு மேலேயே சொன்னான், வாந்தி எடுப்பவன் மாதிரி.

கொழும்பு பஸ் ஏற்றிவிட்டதாகச் சொன்ன அன்றைக்கு இருவரும் மோட்டார் சைக்கிளில் இங்கே வந்தார்கள். வாடியில் குடித்தார்கள். இதே வளைவில் சைக்கிள் வாய்க்காலுக்குள் பாய்ந்தது. நிப்றாஸுக்கு முழங்கை உரசல். மஜீடுக்குத் தலையில் அடி.

"அப்பவே மௌத்தா?"

நிப்றாஸ் மறுபடியும் திறப்பைத் திருகினான்.

"கேக்கன். அப்பவே மௌத்தா?"

"இல்ல. மூச்சு இரிந்த. என்னயக் கூப்பிட்டான்."

"ஆஸ்பத்திரிக்கு?"

"எப்பிடிப் போற? ரெண்டு பேர்ட வாயும் மணக்குது. கலியாணம் முடிச்சு ரெண்டு வருசம், ஊர்ல தலகாட்ட ஏலுமா? மணம் போகட்டும், மறுகா ஆள் கூட்டி வருவம் எண்டு வாய்க்கால்ல வாய் கழுவிக் கழுவி இரிந்தன். விடியமுன்ன பாத்தா மூச்சில்ல. கரும்புக்குள்ளயே பொதச்சிட்டன்."

அந்தக் கரையோரத்தில் குடிகாரன் என்ற பெயர் அவ்வளவு கனமானது. கொலைகாரன் என்ற பெயரைக்கூடத் தூக்கிக்கொண்டு ஒரு மனிதன் பதினொரு வருடம் நடந்துவிடலாம், ஐந்து நேரமும் தொழலாம், கடை வைக்கலாம்.

"குளிப்பாட்டினீங்களா?"

"இல்ல."

"தொழுவிச்சீங்களா?"

"நான் தனிய என்னத்தச் செய்ற?"

"கிப்லாப் பக்கமாவது திருப்பி வெச்சீங்களா?"

"இருட்டுல எந்தப் பக்கமெண்டு தெரியல்ல புள்ள."

மக்காவின் திசையைக்கூடப் பார்க்காமல் காக்காவை மண்ணில் வைத்தான் என்று கேட்ட பிறகுதான் ஸகியாவுக்கு அழுகை வந்தது. காக்கா செத்ததற்குக்கூட அவள் அப்படி அழுதிருக்க மாட்டாள். கண்ணைத் துடைத்தபோது அதற்குள் கோபம் மட்டுமே மிச்சம் இருந்தது.

"எவடம்? காட்டுங்க, தோண்டுவம்."

"எங்க தோண்டுற? வருசா வருசம் வெட்டி, எரிச்சு, மெசினால உழுதாச்சு. இந்தக் காணி முழுக்க அவன்தான்."

பாங்கு கேட்கிற தூரத்தில் அங்கே பள்ளி இல்லை. மஹ்ரிபு நேரம் தானாக இருட்டி வந்தது. ஸகியா காரை விட்டு இறங்கினாள். நிப்றாஸ் கையைப் பிடித்தான், அவள் உதறினாள். வாய்க்கால் ஓரத்தில் நின்ற தோகை இப்போது அசையவில்லை. யாரோ கூப்பிடட்டும் என்று காத்து நிற்பதுபோல் இருந்தது.

அவள் பின்கதவைத் திறந்து பிடித்தாள்.

"வாங்க காக்கா. வீட்ட போவம்."

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு காரின் பின்பக்கம் மெல்லத் தாழ்ந்தது.

ஸகியா கதவைச் சாத்திவிட்டு முன்னால் ஏறினாள். நிப்றாஸ் திறப்பைத் தொட்டதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

சம்மாந்துறை, மாவடிப்பள்ளி, காரைதீவு. வழி நெடுகப் பின்சீட்டிலிருந்து ஈரமண் வாசம் வந்துகொண்டே இருந்தது. நிப்றாஸ் கண்ணாடியில் பின்னால் பார்க்கப் பயந்து அதை வானத்தைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தான். மையவாடிகளை அவள் பேசாமல் கடந்தாள்.

வீட்டு வாசலில் கார் நின்றதும் ஸகியா பின்கதவைத் திறந்துவிட்டு, கேற்றை அகலத் திறந்து வைத்தாள்.

"விடிய ரெண்டு பேரும் பொலிசுக்குப் போறம்" என்றாள். "நீங்களே சொல்லுங்க. குடிச்சதையும் சொல்லுங்க."

"சொல்றன், எல்லாம் சொல்றன். ஆனா அவன அனுப்பிடு ஸகியா. இந்த வீட்டுக்குள்ள வேணாம்."

"இது அவரு கட்டின வீடு."

நிப்றாஸ் கைகால் முகம் கழுவப் போனான். ஒளு செய்துவிட்டு வந்து மண்டபத்தில் பன்பாயை விரித்து இஷாத் தொழ நின்றான். தொழுதால் போய்விடும் என்று நினைத்தானோ என்னவோ. அகலமான பாய், இரண்டு பேர் நிற்கலாம். குசினி வாசலில் நின்று ஸகியா பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் குனிந்தபோது பாய் ஒருமுறை சரசரத்தது. ஒரு மூச்சு பிந்தி இன்னொரு முறை சரசரத்தது.

கடைசி இருப்பில் விரலை நீட்டியபடி வெகுநேரம் இருந்தான். தொழுகையை முடிக்க வேண்டுமென்றால் ஸலாம் கொடுக்க வேண்டும். வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று.

வலப்பக்கம் திரும்பினான். "அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹ்."

இடப்பக்கத்திலிருந்து, அவன் காதுக்குக் கிட்ட, பதில் வந்தது.

"வஅலைக்கும் ஸலா...ம்."

நிப்றாஸின் கழுத்து வலப்பக்கமே நின்றுவிட்டது.

"மத்தப் பக்கமும் குடுங்க" என்றாள் ஸகியா. "இல்லாட்டித் தொழுக முழுசாகாது."

அவன் திரும்பவில்லை.

விடியற்காலை ஸுபஹுப் பாங்கு சொன்னபோது அவள் அபாயாவைப் போட்டுக்கொண்டு மண்டபத்துக்கு வந்தாள். அவன் அப்படியேதான் இருந்தான், வலப்பக்கச் சுவரைப் பார்த்தபடி, இமைக்காமல், மூச்சு மட்டும் விட்டுக்கொண்டு. பாயின் இடப்பக்கம், நெற்றி வைக்கிற இடத்தில், ஈரமான கறுத்த மண் வட்டமாக ஒட்டியிருந்தது.

ஸகியா அதைத் துடைக்கவில்லை. கிப்லாவுக்கு நேராக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தாள். நேராகத்தான் இருந்தது.