பல்லில் இருக்கும் தண்ணீர்

பல்நீர்மானிக் கருவிக்கு முன்னால் வாயைத் திறந்துகொண்டு நின்றாள் பசந்தி. பக்கத்தில் குடியிருப்புச் சங்கத் தலைவர் தணிகாசலம், மாப்பிள்ளை வீட்டுக்காரர் மாதிரி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். அவளை வீட்டைவிட்டுக் கிளப்பியே தீருவேன் என்று புகார் கொடுத்தவர் அவர்தான்.

இந்த நகரத்தில் மண்ணவருக்கு மட்டும்தான் வீடு. மற்றவர்கள் எல்லாம் ‘வந்தவர்’; மூட்டை கட்ட வேண்டியதுதான். யார் மண்ணவர் என்று மனிதர்கள் சொன்னால் அடிதடி வருகிறதாம், அதனால் பல்லைக் கேட்கிறார்கள். சின்ன வயதில் பல் உருவாகும்போது குடித்த தண்ணீரின் தடம் சாகும்வரை அதிலேயே இருக்கும். அது எந்த ஊர்த் தண்ணீர் என்று கருவி சொல்லிவிடும். இந்தக் கருவி வேண்டும் என்று தெருத்தெருவாகக் கொடி பிடித்தவரும் சாட்சாத் தணிகாசலமே.

பசந்தியின் பெற்றோர் ஒடிசாவிலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்கள். அவள் பிறந்தது இங்கே, பேசுவது தமிழ். வீடு போனால் போக்கிடம் கிடையாது. ஒடிசாவில் அவளுக்கு ஒரு ஈ காக்காயைக்கூடத் தெரியாது. எல்லாம் சொல்லிப் பார்த்தாள். அவர் காதிலேயே வாங்கவில்லை.

பச்சை விளக்கு எரிந்தது. மண்ணவர்.

கருவி பழுது என்று குதித்தார் தணிகாசலம். அப்படியானால் உங்கள் பல்லை வைத்தே சரிபார்ப்போம் என்றார் அதிகாரி சுகிர்தா. தணிகாசலம் வீறாப்பாகப் போய் வாயைத் திறந்தார்.

சிவப்பு. வந்தவர். மாநில எல்லைக்கு அப்பால் ஏதோ ஒரு மலையடிவாரத்தின் பெயரும் திரையில் வந்தது.

சுகிர்தாவுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. தணிகாசலம் வீட்டில் உப்புத் தண்ணீரை வாயில் வைப்பார்களா என்ன? பிறந்ததிலிருந்தே கேன் தண்ணீர். அதை நிரப்பியது அந்த மலையடிவாரத்தில். உள்ளூர் போர் தண்ணீரை வேறு வழியில்லாமல் குடித்து வளர்ந்தது, கொட்டகையில் கிடந்த கூலிக்காரர் பிள்ளைகள்தான். இந்தக் கணக்கில் குடியிருப்பே வந்தவர் கூட்டம்.

மண்ணவர் ஒருவர் பொறுப்பேற்றால் நீங்கள் தங்கலாம், சட்டத்தில் அதற்கு மட்டும் இடமிருக்கிறது என்றார் சுகிர்தா. தணிகாசலத்துக்கு முகம் செத்துப்போனது. பசந்தியை முதல் தடவையாக ‘அம்மா’ என்று கூப்பிட்டார். தான் இங்கேயே பிறந்தவன், தமிழ் பேசுகிறவன், வேறு போக்கிடம் இல்லாதவன் என்று கெஞ்சினார்.

பசந்திக்கு ஆத்திரம் வந்தது. பாவம், பொறுப்பேற்றுக்கொள்ளலாமா என்றும் ஒரு கணம் தோன்றியது.

“வந்தவங்களுக்கெல்லாம் நான் எப்படிங்க பொறுப்பேத்துக்க முடியும்?” என்றாள். “நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா எங்க ஊர்க்காரங்க என்னைத்தானே கேப்பாங்க?”