உள்ளே மனிதர் இல்லை

இலை முன் அமர்ந்திருப்போரே, ஒரு கணம் எழுந்து வாருங்கள். இந்தத் திருமண மண்டபத்தின் சமையற்கூடத்துக்குப் பின்னால் ஓர் இரும்பு மூடி இருக்கிறது. அதனருகே ஒரு சோடி ரப்பர் செருப்பு கிடக்கிறது. அந்தச் செருப்புக்குச் சாட்சி சொல்லவே உங்களை அழைக்கிறேன்.

மூடிக்குக் கீழே இருப்பது எண்ணெய்க் கசடுத் தொட்டி. பாத்திரம் கழுவிய நீரோடு வரும் நெய்யையும் எண்ணெயையும் தடுத்து நிறுத்துவது அதன் வேலை. அதற்குள் இறங்கி மாண்டோரின் பட்டியல் நீண்டபோது, பொள்ளாச்சிப் பொறியாளர் தமயந்தி மூச்சுணரியைப் படைத்தார். தொட்டிக்குள் மனித மூச்சு சிறிதளவு கலந்தாலும் மூடி அலறும். மண்டபத்துக்கு ஓராண்டுப் பூட்டு விழும். மூச்சே இல்லையெனில், நாற்றம் பரவாதிருக்கப் பத்து நிமிடத்தில் மூடி தானாகச் சாத்திக்கொள்ளும். அரசு அதைச் சட்டமாக்கியது. பட்டியலும் நின்றது.

ஆயினும், மூலையில் கல்லாக இறுகி நீர்வழியை அடைத்த கொழுப்பு உறிஞ்சுகுழாய்க்கு அசையவில்லை. அதை உடைக்கும் எந்திரம் வந்துசேர இரண்டு நாளாகும், முகூர்த்தம் காத்திருக்காது. எனவே கடைத்தெருவில் ஒரு முகமூடி விற்பனைக்கு வந்தது. விடும் மூச்சைச் சுண்ணாம்புப் பைக்குள் அடக்கி, துளியும் வெளியே விடாது. அதிலுள்ள காற்று பன்னிரண்டு நிமிடம் தாங்கும். தொழிலாளர் அதற்கு வைத்த பெயர் வாய்க்கட்டு.

"மாசாணா, தண்ணி சாம்பார் அண்டா வரைக்கும் ஏறிருச்சு. சட்டுனு இறங்கு," என்றார் மேலாளர் ஈசுவரமூர்த்தி.

"போனவாட்டியே தலை சுத்துச்சுங்க. மூடி சாத்தாம பாத்துக்குவீங்களா?"

"கட்டையக் குடுத்துட்டு இங்கயேதான் நிக்கப்போறேன். கட்டு, கட்டு."

"கோயில்ல பூசாரி வாயைக் கட்டுறாரு, இங்க நான் கட்டுறேன். ஆனா எனக்கு யாரும் தட்டுல போடுறதில்லீங்க," என்று சிரித்தபடியே மாசாணன் இறங்கினான்.

ஒன்பதாம் நிமிடத்தில், விருந்துக்கு வந்திருந்த தமயந்தி தன் கருவியைக் காணச் சமையற்கூடத்துக்குள் நுழைந்தார். ஈசுவரமூர்த்தி பதறினார். மூடிக்குக் கொடுத்திருந்த கட்டையைக் காலால் தட்டிவிட்டு, கைகூப்பி எதிரே ஓடினார். பத்தாம் நிமிடத்தில் மூடி சாத்திக்கொண்டது; உள்ளிருந்து அதைத் திறக்க முடியாது. மூடிமேல் பதித்திருந்த மூச்சுணரியின் திரையில் பச்சை எழுத்துகள் ஒளிர்ந்தன: உள்ளே மனிதர் இல்லை.

"இது யார் செருப்புங்க?" என்றார் தமயந்தி.

"யாரோ விட்டுட்டுப் போனதுங்க மேடம். நம்ம கருவி இருக்கறப்ப எவன் இறங்குவான்?"

கீழே 'டொம்' என்று ஓர் ஓசை.

"அது என்ன சத்தம்?"

"குழாய்ல காத்துங்க. பாருங்க, பச்சை!"

தமயந்தி பார்த்தார். அவர் படைத்த திரை. அவர் எழுதிய சொற்கள். நம்பினார். கையில் கொடுத்த பாயசத்தையும் பருகினார்.

பாத்திரம் கழுவும் ராமாத்தாள் அந்தச் செருப்பைக் கண்டபோது மூடி சாத்தி ஏழு நிமிடம் கடந்திருந்தது. "அய்யோ, மாசாணண்ணன் உள்ளயா இருக்குது?" என்ற அவள் அலறலுக்குப் பின்னரே மூடி திறந்தது. நால்வர் சேர்ந்து அவனைத் தூக்கினர். முகத்தில் வாய்க்கட்டு அவிழாமல் இருந்தது. அவன் கடைசியாகத் தொட்டியைத் தட்டிய கடப்பாரையும் கையை விட்டு அகலவில்லை.

திரை அப்போதும் அதே சொற்களையே காட்டிக்கொண்டிருந்தது. இம்முறை அது பொய்யும் அன்று.

"செருப்பப் பாத்தேன். சத்தத்தக் கேட்டேன்," என்று தமயந்தி ராமாத்தாளிடம் மீண்டும் மீண்டும் சொன்னார். "ரெண்டையும் விட்டுட்டு இதை நம்புனேன்."

ராமாத்தாள் செருப்பை எடுத்துத் துடைத்து, மாசாணனின் காலருகே வைத்தாள்.

மூச்சுணரியின் பதிவே சான்றாக ஏற்கப்பட்டது. மண்டபத்தின் பின்புறம் மயங்கி விழுந்து இறந்ததாக அறிக்கை எழுதினர். தொட்டி மரணப் பட்டியலில் இவ்வாண்டும் சுழியம். அதைத் திருத்தக் கோரித் தமயந்தி எழுதிய மனுவுக்கு வந்த மறுமொழி ஒரே வரி: "தங்கள் கருவி தவறாது."

பெருமக்களே! அடுத்த விருந்தில் இலை முன் அமருமுன் பின்கட்டுக்குச் செல்லுங்கள். செருப்பு கிடக்கிறதா என்று பாருங்கள். பச்சை என்பார்கள், மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். அந்தச் செருப்புக்குரியவரின் பெயரைக் கேட்டறிந்து, குனிந்து, உரக்கக் கூப்பிடுங்கள். மறுமொழி வரும்வரை ஒருவரும் உண்ணாதீர்கள்.