முப்பத்தொரு டிகிரி

மே மாதப் பகல் பதினொன்றரை மணிக்கு, மேசைக் கடிகாரம் அறையின் வெப்பத்தை முப்பத்தெட்டு என்று காட்டிக்கொண்டிருக்க, முழு வேகத்தில் ஓடும் கம்ப்யூட்டர் பிராசசரின் வெப்பம் திரையில் முப்பத்தொன்று என்றிருந்தது.

தமிழ்மொழி கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். அதே முப்பத்தொன்று. காற்றால் குளிரும் எதுவும் அந்தக் காற்றைவிடக் குளிர முடியாது, எம்.எஸ்சி. இயற்பியல் படித்தவளுக்கு அதைச் சொல்லப் புத்தகம் தேவையில்லை. பக்கத் தகட்டைக் கழற்றி வைத்திருந்த பெட்டிக்குள், சுழலும் விசிறிக்குப் பின்னாலிருந்த உலோக இதழ்களில் விரலை வைத்தாள். மழைக்காலத்துக் கிணற்றுச் சுவர்போல் ஜில்லென்றிருந்தன. விசிறி தள்ளிய காற்றில் சூடான பிளாஸ்டிக் வாசனை இல்லை. ஜன்னலில் படிந்த நிலக்கரித் தூளின் வாசனைதான் இருந்தது.

காலையிலிருந்து மூன்று முறை நீலத்திரை வந்து கம்ப்யூட்டர் நின்றிருந்தது. சென்னைக் கம்பெனி அனுப்பிய கணக்கை இரண்டு மணிக்குள் ஓட்டி முடித்து அனுப்ப வேண்டும். வழக்கமான 3.6 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் அது முடிய இரவாகும். 4.6க்கு ஏற்றினாள், நின்றது. மின்னழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டினாள். சூடு தொண்ணூற்றாறைத் தொட, கம்ப்யூட்டர் மறுபடி நின்றது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, குறித்து வை, மறுபடி ஓட்டு. பதினோரு மணிக்குத் தொடங்கிய நான்காவது ஓட்டம் நிற்கவில்லை.

இந்த வேலைக்கு இன்டர்வியூ கிடையாது. கணக்கு முடிந்தால் வேலை. ஐந்து இன்டர்வியூக்களில் வாய் திறக்காமல் திரும்பி வந்தவளுக்கு இப்படி ஒன்று இனி வராது. ஜூனில் அப்பாவுக்கு ரிட்டயர்மென்ட். சுரங்கக் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும்.

"பொட்டிய மட்டும் எட்டு தபா தொட்டுப் பாக்குற," என்றாள் ஹாலில் பாய்மேல் படுத்திருந்த அம்மா அமிர்தம். "பெத்தவ அனலா காஞ்சிகினு கெடக்குறேன். ஒரு தபா தொட்டியாடி?"

"மெதுவா பேசும்மா. அப்பா நைட் ஷிஃப்ட் முடிச்சிட்டுத் தூங்குறாரு."

"ஒங்கப்பனா? மைன்ஸ் வெடிய வூட்டுக்குள்ள வெச்சாலும் எழுந்திருக்க மாட்டாரு."

தமிழ்மொழி எழுந்து போய் அம்மாவின் நெற்றியைத் தொட்ட கையைச் சட்டென எடுத்துக்கொண்டாள். தெர்மாமீட்டரில் நூற்றிரண்டு.

"எப்பத்திலேர்ந்துமா?"

"பதினோரு மணி இருக்கும். நல்லாத்தான் கொழம்பு கூட்டி வெச்சேன். திடுதிப்புனு இப்பிடி ஆயிடிச்சி."

மாத்திரை கொடுத்தாள். ஈரத்துணியை மடித்து நெற்றியில் போட்டாள். திரும்பி வந்து உட்கார்ந்தவளின் கை, அவள் நினைப்பதற்குள் வேகத்தை 3.6க்கு இறக்கியது. திரையில் எண் ஏறி அறுபத்தேழில் நின்றது. இருக்கவேண்டிய சூடு.

"அப்பாடா," ஹாலிலிருந்து குரல். "வேர்த்து வுடுதுடி."

தொண்ணூற்றெட்டரை.

மறுபடி 4.6. முப்பத்தொன்று. ஹாலில் பற்கள் தந்தியடிக்கும் சத்தம். நூற்றுமூன்று.

இரண்டு முறை நடந்தது தற்செயலாக இருக்கலாம். மூன்று அளவீடு எடுக்காமல் எதையும் முடிவாக எழுதக்கூடாது என்பது லேப் பழக்கம். அவள் இறக்கினாள். காத்திருந்தாள். ஏற்றினாள்.

"என்னாடி பண்ற நீ?" அம்மாவின் குரலில் கிண்டல் இல்லை. "தமிழு, என்னாடி பண்ற?"

மணி ஒன்று இருபது. இதே வேகத்தில் இன்னும் முப்பத்தைந்து நிமிடம். இறக்கினால் இரண்டுக்குள் முடியாது. முப்பத்தைந்து நிமிடக் காய்ச்சலில் யாரும் சாவதில்லை.

மவுசிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

பாயில் குதிகால் தேய்ந்தது. நிதானமாக, பிறகு வேகமாக. சிமென்ட் தரையில் வளையல் தட்டியது. நகம் கீறியது. அவள் எண்ணை மட்டும் பார்த்தாள்.

முப்பத்தொன்று.

முப்பத்தொன்று.

ஹாலில் சத்தமில்லை.

நாற்பத்தைந்து. எழுபது. எண்பத்தொன்பது. விசிறி அலறியது.

எழுந்து ஹாலுக்கு ஓடினாள். ஈரத்துணி காய்ந்து அப்பளமாக விறைத்திருந்தது. அம்மாவின் கண்கள் திறந்திருந்தன. உதடுகள் வெடித்திருந்தன. மார்பு ஏறவில்லை. தொட்ட விரல்கள் சுட்டன.

பின்னால் விசிறியின் அலறல் தணிந்தது.

அறை வாசல் வழியே திரும்பிப் பார்த்தாள்.

முப்பத்தொன்று.

உள்ளறையில் கட்டில் கிரீச்சிட்டது.

"தமிழு," என்றார் அப்பா தூக்கக் குரலில். "கரன்ட் போயிடிச்சாம்மா? ஒடம்பெல்லாம் எரியிது. கொஞ்சம் தண்ணி குடு."

கணினி நான்கு அடி தூரத்தில். திரையின் கீழே, மீதி நேரம்.

"இருங்கப்பா." குரல் தடுமாறாமல் வந்தது. "பதினோரு நிமிஷம்."

பாதி திறந்திருந்த கதவு வழியே, அவர் மார்பில் போட்டிருந்த ஈரத்துண்டிலிருந்து ஆவி எழுந்து, சுழலும் ஃபேன் காற்றில் கலைந்துகொண்டிருந்தது.