எதிர்க் கேபின் மணி

ஸ்டேஷன் மாஸ்டர் வேலை அலுத்துப்போய்த்தான் இந்த ரயில்வே பொறியியல் பல்கலைக்கழகத்துல சிக்னல் பாடம் எடுக்க வந்தேன். என் தம்பி இங்கேதான் கடைசி வருஷம். “நீ டீச்சரா? பாவம் பசங்க”ன்னு முதல் நாளே கேலி பண்ணினான்.

வளாகத்துக்குப் பின்னாடி பயிற்சிக்குன்னு ஒரு ஒற்றைப் பாதை. முனைக்கு ஒரு கேபின். ஒண்ணுல நான். எதிர்க் கேபின் பூட்டிக் கிடந்துச்சு. பயிற்சி எஞ்சின் ஏறி அங்கே ஒருத்தன் செத்ததும் ரெண்டு கேபினுக்கும் நடுவுல இருந்த மணி வயரை அறுத்துட்டாங்கன்னு அட்டெண்டர் சொன்னார். ஒரு காதுல வாங்கி மறு காதுல விட்டேன்.

அன்னிக்கு மதியமே இருட்டிக்கிட்டு வந்துச்சு. கேபின் முழுக்க ஈர இரும்பு வாசனை. தம்பி கதவைத் தட்டினான். டக், டக்டக், டக். சின்ன வயசுலேர்ந்து அவன் தட்டுறது அப்படித்தான்.

“தண்டவாள அகலம் அளந்துட்டு வந்துடறேன்க்கா. எனக்கும் டீ ஊத்தி வை.”

“மழை வருதுடா. சீக்கிரம் வா.”

டீ ஊத்திக்கிட்டிருந்தப்போ மேசைமேல மணி அடிச்சுது. எதிர்க் கேபின்காரர் ‘வண்டி அனுப்பலாமா’ன்னு கேக்கற மணி. பாதை காலியான்னு பார்த்து, பதில் மணி தட்டி, மணிப் பெட்டியோட கைப்பிடியைத் திருப்பணும். வருஷக்கணக்கா செஞ்ச வேலை. ஒரு கையில டீ. மறு கை தானா தட்டித் திருப்பிடுச்சு. ஜன்னல் பக்கம் பார்க்கவே இல்லை.

வண்டி வரலாம்னு சொல்லிட்டேன்.

அப்புறம்தான் உறைச்சுது. எதிர்ல யாருமே இல்லை.

மறுபடி மணி. வண்டி கிளம்பிடுச்சுன்னு அர்த்தம். பெட்டியில இருக்கற முள் நகர்ந்து ‘பாதையில் வண்டி’யில நின்னுச்சு.

“டேய், மேல வாடா”ன்னு ஜன்னல் வழியா கத்தினேன். பாதையில எதுவும் வரல. ஆனா தண்டவாளம் அதிர்ந்துச்சு. குனிஞ்சிருந்தவன் நிமிர்ந்தான். வெளிச்சம் கூசின மாதிரி கையை நெத்தியில வச்சான்.

படியிறங்கி ஓடினேன். அளவுகோல் கிடந்துச்சு.

அவன் இல்லை.

எங்கேயோ ஓடிப் போயிட்டான்னு விசாரணையை முடிச்சுட்டாங்க. அம்மா என்கிட்ட பேசறதில்லை. வண்டி வந்து சேர்ந்தாத்தான் அந்த முள் திரும்பும். கழட்டி மாட்டியும் திரும்பல. அப்போ அவன் இன்னும் பாதையிலதான் இருக்கான். அதான் நான் வேலையை விடல.

இன்னிக்கு மணி அடிச்சுது.

டக், டக்டக், டக்.

பதில் தட்டினா வந்துடுவான். கை மணிமேல போயிடுச்சு. ஜன்னலுக்குக் கீழே, இந்த வருஷப் பசங்க தண்டவாளத்துல குனிஞ்சு அளந்துக்கிட்டிருக்காங்க.