இரத்தினேஸ்வரியின் பெயரில் ஒரு கூரை

"ஆரைக் கேட்டு எழுதினனீங்கள்?"

இரத்தினேஸ்வரி போட்ட சத்தத்தில், வேலிப் படலைக்கு வெளியே நின்ற ஆனந்தராசா பென்சிலைத் தவறவிட்டான்.

புயலடித்த சல்லிக் கிராமத்தில் வீடு வீடாக விசாரித்து, கூரைக்குத் தென்னங்கிடுகு எழுதிக் கொடுக்க வந்த உத்தியோகத்தன் அவன். போன வருடம் யப்பான்காரன் குண்டு போட்டபோதும் அசையாத அவள் வீடு, இந்த மார்கழிக் காற்றில் மொட்டையாகிவிட்டது. கடலுக்குப் போன தகப்பனும் திரும்பவில்லை. இவனோ குடும்பத் தலைவர் என்ற இடத்தில், திரியாயில் இருக்கும் பெரியப்பாவின் பெயரை எழுதிவிட்டான்! கிடுகு அங்கே போனால், அவளும் பின்னாலேயே போய் அந்த வீட்டு அடுப்படிக் குசினியில் ஒதுங்க வேண்டியதுதான்.

"ஆம்பிளையில்லாத வீட்டுக்கு உறவுக்காரரின்ர பேரைத்தான் எழுதச் சொன்னவை..."

"இது என்ர வீடு. நான் இஞ்சதான் இருப்பன்!"

மழை பிடித்துக்கொண்டது. அவள் வேலிக்கு மேலால் சுளகை நீட்டினாள்.

"உங்களுக்கில்லை... கடதாசி நனையாமல் பிடியுங்கோ."

அவன் சிரித்தான். கண்கள் மட்டும் சிரிக்கவில்லை...

"ஊரெல்லாம் விசாரிக்கிறீங்கள். உங்கட வீட்டில ஆர் இருக்கினம்?"

"வெருகல் ஆறு பெருகினதில அம்மாவும் போயிட்டா. இப்ப ஒருத்தருமில்லை... இதை என்னட்டக் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான்."

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அதைப் பார்த்து அவன் தடுமாறிப்போனான்.

"புருசன் இருந்தால் அவரின்ர பேரில சுகமா எழுதலாம்... நான் வேணுமெண்டால்..."

"கூரைக்காக என்னை ஒருத்தரும் கட்ட வேண்டாம்!"

அவன் சுளகைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான்.

இருபது நாட்கள். மழை இறங்கும்போதெல்லாம் பாயைத் தலைக்குமேல் பிடித்தபடி மூலையில் குந்தியிருந்தாள். வாயை அடக்கியிருக்கலாமே என்று தன்னையே ஏசிக்கொண்டாள். தகப்பன் போன துக்கத்தோடு இதுவும் சேர்ந்துகொண்டது.

ஒரு நாள் காலை கிடுகு வண்டி வந்தது. துண்டுச் சீட்டில் அவள் பெயர்! மேலதிகாரியோடு சண்டை பிடித்து ஆனந்தராசா எழுதுவித்ததாக வண்டிக்கார ஸெய்னுதீன் சொன்னார்.

கூரை வேய்ந்து முடிந்த மறுநாள்தான் அவன் வந்தான்.

"சண்டை பிடிச்சு வேலை போச்சோ?"

"இல்லை... மன்னாருக்கு மாத்திப்போட்டினம். நாளைக்குப் பயணம்."

அவள் படலையைத் திறந்துவிட்டாள். அவன் வாசலிலேயே நின்று சொன்னான்.

"அண்டைக்கு நீங்கள் ஓம் எண்டிருந்தால், அது கூரைக்காகவோ எனக்காகவோ எண்டு எனக்குத் தெரிஞ்சிராது. இப்ப நீங்கள் ஒருத்தரையும் அண்டத் தேவையில்லை. அதுதான் கேட்க வந்தனான்... எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. என்னைக் கட்டுவீங்களோ?"

அவள் புதுக் கூரையை ஒருமுறை பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"கடலில போன அப்புவின்ர ஆண்டுத் திவசம் முடியட்டும்... முடிஞ்ச உடன கெதியா வாங்கோ. வீட்டுக்காக அவ்வளவு சண்டை பிடிச்சனான்... ஆனால், இதுக்குள்ள தனிய இருக்க எனக்கு ஏலாது."